பட்டியலில் விடுபட்ட எண்

1915-ஆம் ஆண்டு லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் சீனிவாச ராமானுஜனின் நீண்ட கட்டுரை ஒன்று வெளியானது. அவர் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. அந்தக் கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. சின்னஞ்சிறு எண்களில் தொடங்கி 67,46,32,83,88,800 வரை, அதாவது ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம் கோடி வரை, ஏறுவரிசையில் 102 எண்கள். கணிப்பொறி இல்லாத காலம். எல்லாம் கையால் போட்ட கணக்கு.

அந்த வரிசையில் ஓர் எண் இல்லை. இருந்திருக்க வேண்டும், விடுபட்டுவிட்டது. அது 2,93,31,86,25,600. வாய்விட்டுச் சொன்னால் இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு.

பட்டியலில் இல்லை என்பதால்தான் இந்த எண்ணின் மேல் என் கவனம் முதலில் போனது. பிரித்துப் பார்க்கப் பார்க்க, அது எத்தனை எண்களோடு உறவு கொண்டாடுகிறது என்று தெரிந்து வியந்து போனேன். பள்ளிக் கணக்கில் நாம் படித்த பெருக்கலும் வகுத்தலும் போதும், இந்த எண்ணின் வீட்டுக்குள் நாமும் போய்வரலாம்.

அறுபதின் அருமை

நாம் நன்கு அறிந்த எண்ணிலிருந்து தொடங்குவோம். ஒரு நாளை அறுபது நாழிகையாகவும், ஒரு நாழிகையை அறுபது விநாழிகையாகவும் பகுத்தார்கள் நம் முன்னோர். பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருடம் சேர்ந்தால் ஒரு சுற்று. நம் கைக்கடிகாரத்தின் அறுபது நிமிடமும் அறுபது வினாடியும் பாபிலோனியர் வழியில் வந்தவை.

அறுபதை இரண்டு பேருக்கும் பங்கிடலாம், மூன்று பேருக்கும் பங்கிடலாம். நான்கு, ஐந்து, ஆறு, பத்து, பன்னிரண்டு, பதினைந்து, இருபது, முப்பது பேர் வந்தாலும் மிச்சம் வராது. 1-ஐயும் 60-ஐயும் சேர்த்துக்கொண்டால் அறுபதுக்கு 12 காரணிகள். ஒன்று குறைந்து 59 ஆகட்டும், ஒன்று கூடி 61 ஆகட்டும், நிலைமை தலைகீழ். இரண்டுமே பகா எண்கள், எவராலும் சமமாகப் பிரிக்க முடியாதவை. எங்குமே பிரியாத இரண்டு எண்களுக்கு நடுவே, எல்லாருக்கும் பிரிந்து கொடுக்கும் ஓர் எண்.

அறுபதுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் கிடையாது. 48 வரைக்கும் போனாலும் பத்துதான். இப்படித் தனக்கு முன்னால் உள்ள அத்தனை எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் முந்திவிடும் எண்ணுக்குத்தான் ராமானுஜன் ஒரு புதுப் பெயர் வைத்தார். தமிழில் அதை ‘மிகுபகு எண்’ எனலாம். பகு எண்களில் மிகுந்து பகுபடுவது என்று பொருள். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று நீளும் இந்த வரிசைதான் ராமானுஜனின் அட்டவணை. ஒரு டஜன், ஒரு நாளின் 24 மணி, வட்டத்தின் 360 பாகை எல்லாம் இந்த வரிசையில் இருப்பதைக் கவனியுங்கள். பங்கு போட்டு வாழ்ந்த மனிதர்கள் இந்த எண்களை அனுபவத்தாலேயே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

கணித உலகில் பகா எண்களுக்குத்தான் புகழ் அதிகம். யூக்ளிட் காலத்திலிருந்தே அவற்றைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். ராமானுஜன் அதற்கு நேர் எதிர்முனையில் போய் நின்றார். சற்றும் உடையாத எண்கள் ஒரு பக்கம் இருக்கட்டும், மிக அதிகமாக உடையக்கூடிய எண்கள் எவை, அவற்றின் உள்ளமைப்பு என்ன என்று கேட்டார். அவருடைய அட்டவணை முடியும் இடத்துக்குள் பகா எண்கள் 22,000 கோடிக்கும் மேல் இருக்கின்றன. மிகுபகு எண்களோ நூற்றைச் சற்றே தாண்டுகின்றன. அவ்வளவு அரிய இனம் இது.

காரணிகளை எண்ணும் வழி

கோடிக்கணக்கில் போகும் ஓர் எண்ணின் காரணிகளை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து எண்ண முடியாது. அதற்குக் குறுக்கு வழி உண்டு. 60 என்பது 2 × 2 × 3 × 5. இதன் ஒரு காரணியை உருவாக்க வேண்டுமானால், 2-ஐ எடுக்காமலே விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம். ஆக மூன்று வழி. 3-ஐ எடுக்கலாம் அல்லது விடலாம், இரண்டு வழி. 5-க்கும் அப்படியே. 3 × 2 × 2 = 12. ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வந்துவிடும்.

இப்போது நம் எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்:

2,93,31,86,25,600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டினால் 7, 5, 3, 3, 2, 2, 2, 2. இவற்றைப் பெருக்கினால் 5040. இந்த ஓர் எண்ணை ஐயாயிரத்து நாற்பது வெவ்வேறு எண்களால் மிச்சமின்றி வகுக்கலாம். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இந்தப் பேறு இல்லை.

அடுக்குகளின் வரிசையை இன்னொரு முறை பாருங்கள். படிக்கட்டுபோல இறங்கி வருகிறது, எங்கும் ஏறவில்லை. 2-லிருந்து 19 வரை ஒரு பகா எண்ணும் விடுபடவில்லை. கடைசி எண்ணாகிய 19 ஒரே ஒருமுறைதான் வருகிறது. இவை மூன்றும் எல்லா மிகுபகு எண்களுக்கும் உரிய இலக்கணம் என்று ராமானுஜன் நிறுவினார். 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டும் மூன்றாவது விதிக்கு விலக்கு.

முதல் இரண்டு விதிகளின் காரணம் எளிது. ஓர் எண்ணில் 11 இருந்து 7 இல்லாமல் போனால், 11-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 7-ஐ வைக்கலாம். காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சிறுத்துவிடும். அதேபோல் 3-இன் அடுக்கு 2-இன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால், இரண்டையும் இடம் மாற்றினாலே சிறிய எண் கிடைக்கும். சிறிய எண்ணிலேயே அத்தனை காரணிகள் இருக்கும்போது, பெரிய எண் எப்படி முந்தியதாகும்?

பெரிய பேரம்

ஆனால் இந்த இலக்கணம் மட்டும் போதாது. இலக்கணத்துக்கு உட்பட்ட எண்கள் ஏராளம், அவற்றில் மிகுபகு எண்ணாகத் தேறுபவை சிலவே. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற பேரம்தான் இங்கே சூட்சுமம். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஒரு விலை உண்டு. 23-ஐப் புதிதாகச் சேர்த்தால் காரணிகள் இரட்டிப்பாகும், ஆனால் எண் 23 மடங்கு பெருகிவிடும். இன்னொரு 2-ஐச் சேர்த்தால் எண் இரண்டு மடங்குதான் ஆகும், ஆனால் ஏற்கெனவே பல 2-கள் இருந்தால் காரணிகளில் வரவு சொற்பம்.

நம் எண்ணின் இரு பக்கத்து அண்டை வீட்டாரைப் பார்த்தால் இந்தப் பேரம் கண்முன் நடக்கும். அதற்கு முந்தைய மிகுபகு எண் 2,40,94,02,99,600. அதன் அமைப்பு 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23, காரணிகள் 4800. அங்கிருந்து நம் எண்ணுக்கு வர என்ன செய்ய வேண்டும்? 23-ஐக் கொடுத்துவிட்டு, இரண்டு 2-களையும் ஒரு 7-ஐயும் வாங்க வேண்டும். கொடுத்தது 23, வாங்கியது 2 × 2 × 7 = 28. எண் சற்றே பெரிதாகிறது. காரணிகள் 4800-லிருந்து 5040-க்கு உயர்கின்றன.

அடுத்த மிகுபகு எண் 3,21,25,37,32,800. இப்போது பேரம் திரும்பிவிடுகிறது. ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும், அதாவது 21-ஐக் கொடுத்துவிட்டு 23-ஐத் திரும்ப வாங்குகிறோம். காரணிகள் 5376 ஆகின்றன. இந்த அடுத்த எண் மிகுபகு எண்களிலேயே தனிச்சிறப்பு உடையது. மிகுபகு எண்களுக்குள்ளும் உயர்ந்தவை என்று ராமானுஜன் அதே கட்டுரையில் தனியாகப் பிரித்துக் காட்டிய வகையைச் சேர்ந்தது.

ஆக, இரண்டு பக்கமும் 23 இருக்கிறது, நடுவில் நிற்கும் எண்ணில் மட்டும் இல்லை. 23-ஐ விட்டுவிட்டு 7-ஐ இரட்டிப்பாக்கிக்கொண்டு, இரண்டு 23-களுக்கு இடையிலான சந்தில் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது அது. கையால் தேடிக்கொண்டு போகிற ஒருவர் கண்ணுக்குத் தப்பக்கூடிய இடம்தான்.

ஓர் ஏணி

விடுபட்ட இந்த எண்ணுக்கு 5040 காரணிகள் என்று பார்த்தோம். அந்த 5040-க்கு எத்தனை காரணிகள்? 5040 = 2⁴ × 3² × 5 × 7. ஆகவே 5 × 3 × 2 × 2 = 60. அறுபதுக்கு எத்தனை? 12. பன்னிரண்டுக்கு? 6. ஆறுக்கு 4. நான்குக்கு 3.

இதையே கீழிருந்து மேலாகச் சொன்னால் இன்னும் அழகு. மூன்று காரணிகள் உடைய மிகச்சிறிய எண் 4. நான்கு காரணிகள் உடைய மிகச்சிறிய எண் 6. ஆறு காரணிகளுக்கு 12. பன்னிரண்டுக்கு 60. அறுபதுக்கு 5040. ஐயாயிரத்து நாற்பது காரணிகள் உடைய மிகச்சிறிய எண் எது என்று கேட்டால், நேராக 2,93,31,86,25,600-இல் கொண்டுபோய் விடுகிறது. 3-இல் கால்வைத்து ஆறே படியில் ஏறிவிடுகிறோம். 4, 6, 12, 60, 5040, அதன் பிறகு நம் எண். இந்த ஆறு படிகளுமே மிகுபகு எண்கள்.

ஏழாவது படி? 2,93,31,86,25,600 காரணிகள் உடைய மிகச்சிறிய எண்ணுக்கு 75 இலக்கங்கள். அதன் அமைப்பில் 2 பதினெட்டு முறையும், 3 பதினாறு முறையும், 5 பன்னிரண்டு முறையும், 7 பத்து முறையும் வருகின்றன. பகா எண்கள் 61 வரை நீள்கின்றன. அது மிகுபகு எண்ணா என்று நாமே சோதித்துவிடலாம். அதிலிருந்து மூன்று 5-களை எடுத்துவிடுவோம். எண் 125-ஆல் வகுபட்டுச் சிறுக்கும். பதிலுக்கு 67 என்ற புதிய பகா எண்ணைச் சேர்ப்போம். கொடுத்தது 125, வாங்கியது 67, ஆகவே எண் முன்பைவிடச் சிறியது. காரணிகளோ 13-க்கு 10 என்று குறைந்து, 67-ஆல் இரட்டிப்பாகி, மொத்தத்தில் 13-க்கு 20 என்று கூடிவிடுகின்றன. சிறிய எண்ணிலேயே அதிகக் காரணிகள் கிடைத்துவிட்டதால் அந்த 75 இலக்க எண் மிகுபகு எண் ஆகாது.

ஆக ஏணியின் மிகுபகு எண் படிகளில் கடைசிப் படி, நம் எண்தான்.

பிளேட்டோவும் ரீமானும்

ஏணியில் இதற்கு முந்தைய படியாகிய 5040, கணிதத்துக்கு வெளியிலும் பெயர் பெற்றது. கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோ ‘சட்டங்கள்’ என்ற நூலில் ஓர் இலட்சிய நகரத்தைக் கற்பனை செய்தார். அதில் இருக்க வேண்டிய குடும்பங்களின் எண்ணிக்கை 5040 என்றார். காரணம், நிலத்தைப் பிரித்தாலும் படையைப் பிரித்தாலும் வரியைப் பிரித்தாலும் மிச்சம் வராது. அந்த எண்ணைத் தவிர்த்து அதற்கு 59 வகுஎண்கள் உண்டு என்பதையும், ஒன்று முதல் பத்து வரை தொடர்ந்து எல்லாவற்றாலும் வகுபடும் என்பதையும் அவர் கணக்கிட்டு வைத்திருந்தார். 11-ஆல் மட்டும் வகுபடாதே என்றால், இரண்டு குடும்பங்களை ஒதுக்கிவைத்தால் அதுவும் சரியாகிவிடும் என்றார். 5038 = 11 × 458. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் ஆட்சியின் அடித்தளமாக ஒரு மிகுபகு எண்ணைக் கேட்டிருக்கிறார்.

நம் காலத்தில் அதே 5040 கணிதத்தின் மிகப் பெரிய புதிர் ஒன்றின் வாசலில் வந்து நிற்கிறது. ஓர் எண்ணின் காரணிகளை எல்லாம் கூட்டி, வந்த தொகையை அந்த எண்ணாலேயே வகுங்கள். 5040-க்கு அந்தக் கூட்டுத்தொகை 19,344. வகுத்தால் ஏறக்குறைய 3.838. இப்போது 5040-இன் இயல் மடக்கையை எடுத்து, அதற்கு மீண்டும் இயல் மடக்கை எடுத்து, 1.781 என்ற மாறிலியால் பெருக்கினால் ஏறக்குறைய 3.817 வரும். இதை வரம்பு என்று வைத்துக்கொள்வோம். 5040 அந்த வரம்பை மயிரிழையில் தாண்டிவிடுகிறது.

1984-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கீ ரோபன் ஒரு தேற்றத்தை நிறுவினார். 5040-க்கு மேற்பட்ட ஓர் எண்கூட இந்த வரம்பைத் தாண்டாது என்று எவராவது நிரூபித்துவிட்டால், ரீமான் கருதுகோள் உண்மை என்று ஆகிவிடும். ஒரே ஓர் எண் தாண்டினாலும் அது பொய்யாகிவிடும். 1859-இலிருந்து தீர்வு காணாமல் இருக்கும் அந்தக் கருதுகோள் பகா எண்களின் பரவலைப் பற்றியது. உடையாத எண்களின் ரகசியம், நன்றாக உடையும் எண்களின் வரம்பில் போய் ஒளிந்திருக்கிறது. நம் எண்ணையும் சோதித்துப் பார்த்தேன். காரணிகளின் கூட்டுத்தொகையை வகுத்தால் ஏறக்குறைய 5.599, வரம்பு 5.830. வரம்புக்குள்தான் அடங்கி நிற்கிறது.

இந்தப் பாதையில் ராமானுஜன் முன்னரே நடந்திருக்கிறார் என்பது பின்னால்தான் உலகுக்குத் தெரிந்தது. 1915-இல் போர்க்காலம், லண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்தது. கட்டுரையின் நீளத்தைக் குறைக்க வேண்டியிருந்ததால் ஒரு பகுதி அச்சேறாமலே நின்றுவிட்டது. ரீமான் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டு, காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாக முடியும் என்று அவர் ஆராய்ந்தது அந்தப் பகுதியில்தான் இருந்தது. அவருடைய மற்றக் கைப்பிரதிகளோடு சேர்ந்து அது 1988-இல் வெளிவந்தது. 1997-இல் ராமானுஜன் பெயரிலேயே தொடங்கிய ஆய்விதழின் முதல் தொகுதியில், ழான் லூயி நிக்கோலாவும் அதே ரோபனும் விளக்கக் குறிப்புகளோடு அதைப் பதிப்பித்தார்கள். தான் நிறுவிய தேற்றத்துக்கு இவ்வளவு அருகில், ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் வந்துபோயிருக்கிறார் என்பதை ரோபன் அப்போது கண்ணால் கண்டிருப்பார்.

விடுபட்டதன் பின்னால்

அச்சான பகுதிக்கே பெரிய மதிப்பு இருந்தது. அதை அடிப்படையாகக் கொண்டுதான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு ஆய்வுக்கான பி.ஏ. பட்டம் வழங்கியது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வுகளில் தோற்று, பட்டம் பெறாமல் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவருக்கு, பட்டத்தைத் தேடித் தந்தவை இந்த மிகுபகு எண்கள்தாம். பிற்பாடு 1944-இல் கணித அறிஞர் பால் எர்டிஷ் இந்த எண்களைக் கையில் எடுத்து, அவை எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பதை மேலும் துல்லியமாக்கினார்.

அட்டவணையில் ஓர் எண் விடுபட்டதால் அந்தக் கட்டுரையின் தேற்றங்களில் ஒன்றும் தளரவில்லை. தேற்றங்கள் நிரூபணத்தின் மேல் நிற்பவை, அட்டவணை உழைப்பின் மேல் நிற்பது. ஆறே முக்கால் லட்சம் கோடி வரையிலான எண்வெளியை, பேரம் பேசிப் பேசிக் கையாலேயே சலித்து, நூற்றிரண்டு எண்களைப் பொறுக்கியெடுத்தவர் ஒன்றைத் தவறவிட்டார். ராமானுஜன் என்றவுடன் நாம் அவருடைய குலதெய்வமான நாமகிரித் தாயாரையும் கனவில் தோன்றிய சூத்திரங்களையும்தான் முதலில் பேசுகிறோம். அந்த அட்டவணையை நினைக்கும்போது எனக்குத் தெரிவது வேறொரு ராமானுஜன். மேசையில் குனிந்து, கூட்டிப் பெருக்கி, அடித்துத் திருத்தி, அடுத்த எண்ணைத் தேடும் உழைப்பாளி. கனவில் வந்த பட்டியலாக இருந்தால் ஒன்று விடுபட்டிருக்காது. விடுபட்ட அந்த ஓர் எண்தான் மற்ற நூற்றிரண்டும் வியர்வையில் விளைந்தவை என்று எனக்குச் சாட்சி சொல்கிறது.

கடைசியாக, ஒரு சிறு வகுத்தல் கணக்கு. ஒரு தாளை எடுத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள். ராமானுஜனின் அட்டவணை முடிவடையும் எண் 67,46,32,83,88,800. அதற்கு 10,080 காரணிகள். அந்த எண்ணை 23-ஆல் வகுங்கள். மிச்சம் வராது. ஈவு 2,93,31,86,25,600.

தனி வரியில் எழுதப்படாத எண், அட்டவணையின் கடைசி வரிக்குள்ளே, அதன் பத்தாயிரத்து எண்பது காரணிகளில் ஒன்றாக, அன்றிலிருந்து இருந்துகொண்டுதான் இருக்கிறது.